4294967297: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து இலக்கம்தான். ஆனால் எண் கணிதத்தில் இந்த எண்ணுக்கு இருக்கும் கதை பல நூறு இலக்க எண்களுக்குக்கூட இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று: கீழே வரும் கணக்குகளில் பெரும்பாலானவற்றை ஒரு தாளும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். தயவுசெய்து போட்டுப் பாருங்கள். படிப்பதைவிட அதில்தான் சுவை இருக்கிறது.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. காற்புள்ளி வைத்து எழுதினால் 429,49,67,297.

இதில் அப்படி என்ன விசேஷம்?

2-ஐ 32 முறை பெருக்கி, வந்த விடையோடு 1 கூட்டினால் இந்த எண் வரும். அதாவது 2³² + 1. பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் டி ஃபெர்மா 1640-ல் எழுதிய கடிதங்களில் ஒரு எண் வரிசையைப் பற்றிச் சொன்னார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்ட வேண்டும்:

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65537
2³² + 1 = 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது 1-ஐயும் தம்மையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இந்த வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஆறாவதாக வரும் நம் எண்ணில் அந்த நம்பிக்கை உடைந்தது. வரிசையை 0-விலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் இதை ஐந்தாவது ஃபெர்மா எண் என்பார்கள்.

அப்படியானால் இது பகா எண் இல்லையா?

இல்லை. 4294967297 = 641 × 6700417.

சரிபார்ப்பது சுலபம். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. 40-ஆல் பெருக்கினால் 268016680. அதோடு ஒரு 6700417. மூன்றையும் கூட்டுங்கள்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

சுவிஸ் கணித அறிஞர் லியோன்ஹார்ட் ஆய்லர், 1732-ல். அப்போது அவருக்கு வயது 25. அவரை இதற்குள் இழுத்துவிட்டவர் கிறிஸ்டியன் கோல்ட்பாக். 1729 டிசம்பரில் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று பின்குறிப்பாகக் கேட்டிருந்தார். ஆய்லர் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. ஃபெர்மா சொல்லி ஏறக்குறைய தொண்ணூறு வருடங்கள் கழித்து விடை வந்தது.

641 வரைக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாரா?

அப்படிச் செய்தாலும் தப்பில்லை. பகா எண் வரிசையில் 641 வருவது 116-ஆவது இடத்தில்தான். பொறுமைசாலிக்கு ஓரிரு நாள் வேலை. ஆனால் அவ்வளவு தேவையில்லை. நம் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதாகத்தான் இருக்க முடியும். இதற்கான காரணத்தை ஆய்லரே பின்னாளில் எழுதிய கட்டுரையில் விளக்கினார்.

இது தெரிந்துவிட்டால் பட்டியல் சுருங்கிவிடும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும் வரிசையில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641 என ஐந்துதான் நிற்கும். நம் எண்ணை 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-ஆல் வகுத்தால் 2. 449-ஆல் 325. 577-ஆல் 288. ஐந்தாவதாக 641-ஆல் வகுத்தால் மீதி 0. ஐந்தே வகுத்தலில் வேலை முடிந்தது.

ஏன் 64? அந்தக் காரணத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

முடியும். இதைப் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தானாக வந்துவிடும் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் ஒரு பகா எண்ணை 'ப' என்று வைத்துக்கொள்வோம். 2³² + 1 என்பது ப-வால் வகுபடுகிறது என்றால், 2³²-ஐ ப-வால் வகுக்கும்போது மீதி −1 என்று சொல்லலாம் (ப-இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு என்று பொருள்). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1.

இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ப-வால் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டு வருகிறோம் என்று நினையுங்கள். மீதிகள் ஒரு கட்டத்தில் 1-க்கு வந்து, பிறகு பழையபடியே சுழலத் தொடங்கும். அந்தச் சுற்றின் நீளம் எவ்வளவு? 64-ஆவது படியில் 1 வருகிறது, எனவே நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். அப்படி வகுப்பவை 1, 2, 4, 8, 16, 32, 64 மட்டுமே. 32 அல்லது அதற்குக் கீழே உள்ள ஏதாவது ஒன்றாக இருந்தால் 32-ஆவது படியிலும் மீதி 1 வந்திருக்க வேண்டும். வந்ததோ −1. ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64.

அப்புறம் ஃபெர்மாவின் சிறு தேற்றம் கைகொடுக்கிறது. ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால், (ப − 1)-ஆவது படியில் 2-இன் மீதி 1 ஆகத்தான் இருக்கும். சுற்று 64 படிக்கு ஒருமுறை மட்டுமே 1-க்கு வருவதால், ப − 1 என்பது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும்.

தேற்றத்தின் பெயரைக் கவனித்தீர்களா? ஃபெர்மாவின் ஊகத்தை உடைத்த கருவியே ஃபெர்மா செய்து கொடுத்ததுதான்.

1878-ல் எடுவார்ட் லூக்கா இதை இன்னும் கூர்மையாக்கினார். 64 அல்ல, 128-ஆல் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும் என்று காட்டினார். அப்போது 641-க்குள் தேறுபவை 257-உம் 641-உம் மட்டுமே. 257-ஓ வரிசையில் முன்பே வந்த ஃபெர்மா எண், அது வகுக்காது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம் (காரணம் பலகோணக் கேள்வியில் வருகிறது). ஆக, முதல் முயற்சியிலேயே 641 சிக்கிவிடும்!

641 வகுக்கிறது என்பதை இவ்வளவு பெரிய எண்ணைத் தொடாமலே காட்ட முடியுமா?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏறுவது. 2⁸ = 256. அதன் வர்க்கம் 65536. அதை 641-ஆல் வகுத்தால், 641 × 102 = 65382 போக மீதி 154. இப்போது 154-ஐ வர்க்கப்படுத்துங்கள்: 23716. 641 × 37 எவ்வளவு? 23717. ஒன்றே ஒன்று குறைகிறது. அந்த ஒன்றைத்தான் நம் எண்ணில் இருக்கும் '+ 1' ஈடுகட்டுகிறது. அவ்வளவுதான், மீதி 0. இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்து 23716, 23717 இரண்டும் அடுத்தடுத்து வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது வழியில் பெருக்கல்கூட அதிகம் இல்லை. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 128 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

முதல் வரி சொல்வது: 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது வரி சொல்வது: 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி தருபவை, ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடலாம். போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-க்கு மீதி 1. எனவே 2³² + 1-க்கு மீதி 0.

6700417-ஐ இன்னும் உடைக்க முடியாதா?

முடியாது. அதுவும் பகா எண்தான். இதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதனால் 2588 வரை மட்டும் தேடினால் போதும். இதை வகுப்பது நம் பெரிய எண்ணையும் வகுக்கும் என்பதால், 128-ஆல் வகுத்தால் மீதி 1 என்ற நிபந்தனை இங்கேயும் உண்டு. அந்த வரம்புக்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என ஐந்துதான். 6700417-ஐ இவற்றால் வகுத்தால் முறையே 170, 44, 120, 334, 622 மீதி. எதுவும் வகுக்கவில்லை.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

நான்கு: 1, 641, 6700417, 4294967297. இவற்றின் கூட்டுத்தொகை 4301668356. நம் எண்ணைவிடச் சிறியதாகவும் அதோடு பொது வகுத்தி 1 மட்டுமே உடையதாகவும் இருக்கும் எண்கள் 640 × 6700416 = 4288266240. அதாவது, ஏறக்குறைய எல்லாமே.

ஃபெர்மா போன்ற ஒருவர் இதை எப்படித் தவறவிட்டார்?

அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நமக்கு எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த எண் எவ்வளவு நன்றாகப் பகா எண் வேடம் போடுகிறது என்பதைப் பார்த்தால் அவர்மேல் குறை சொல்லத் தோன்றாது.

ஒரு எண் பகா எண்ணா என்று சோதிக்க அவருடைய சிறு தேற்றத்தையே பயன்படுத்தலாம். 2-ஐ (எண் − 1) முறை பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். மீதி 1 வராவிட்டால் அது நிச்சயம் பகா எண் இல்லை. நம் எண்ணை இந்தச் சோதனையில் நிறுத்துவோம். 2³²-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி −1, ஏனென்றால் அது நம் எண்ணைவிட ஒன்றுதான் குறைவு. 2⁶⁴-க்கு மீதி 1. நாம் ஏற்ற வேண்டிய அடுக்கு 4294967296. அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்துவிடுகிறது! 641 என்ற காரணியை உள்ளே வைத்துக்கொண்டே சோதனையில் தேறிவிடுகிறது. இப்படிப்பட்ட எண்களைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். எல்லா ஃபெர்மா எண்களும் 2-ஐ வைத்துச் சோதித்தால் இதே மாதிரி தேறிவிடும்.

2-க்குப் பதிலாக 3-ஐ எடுத்தால் குட்டு வெளிப்படும். ஃபெர்மா எண்களுக்கென்றே 1877-ல் பெப்பின் என்பவர் ஒரு சோதனை தந்தார். நம் எண்ணுக்கு அது இப்படி: 3-ஐ வர்க்கப்படுத்தி, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்தி, 31 முறை இதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் 4294967296 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. நமக்கு வருவது 10324303. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 3029026160. பகா எண்ணாக இருந்திருந்தால் இங்கே 1 வந்திருக்க வேண்டும்.

காரணி எது என்றே தெரியாமல் 'காரணி இருக்கிறது' என்று மட்டும் அடித்துச் சொல்லும் சோதனை இது. இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது எண் கணிதத்தின் ஆழமான விஷயங்களில் ஒன்று.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?

ஒரு வழி கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது: 65536² + 1². பகா எண் என்றால் இரண்டு வர்க்கங்களாக எழுத ஒரு வழிக்கு மேல் இருக்கவே இருக்காது. நம் எண்ணுக்கோ இன்னொரு வழியும் உண்டு:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இது ஒன்றே போதும், பகா எண் இல்லை என்று சொல்ல. அதோடு நிற்காமல், இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரணிகளும் கிடைத்துவிடும். எப்படி என்று பாருங்கள்.

பெரிய எண்களின் வித்தியாசம்: 65536 − 62264 = 3272.
சிறிய எண்களின் வித்தியாசம்: 20449 − 1 = 20448.
சிறிய எண்களின் கூட்டுத்தொகை: 20449 + 1 = 20450.

3272/20448 என்ற பின்னத்தைச் சுருக்குங்கள். மேலும் கீழும் 8-ஆல் வகுபடும்: 409/2556. இப்போது 409² + 2556² = 167281 + 6533136 = 6700417.

அடுத்து 3272/20450. மேலும் கீழும் 818-ஆல் வகுபடும்: 4/25. இப்போது 4² + 25² = 16 + 625 = 641.

எந்த வகுத்தலும் செய்யாமல், இரண்டு பின்னங்களைச் சுருக்கியே இரண்டு காரணிகளும் கைக்கு வந்துவிட்டன. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கணக்கை மட்டும்தான் போட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் போடுங்கள்.

இன்னும் ஒன்று. 25 × 409 = 10225. 4 × 2556 = 10224. இவற்றின் வித்தியாசம்தான் 65536² + 1²-இல் வரும் அந்த 1. கூட்டுத்தொகைதான் 20449. அந்த 20449-உம் சாதாரண எண் இல்லை, 143-இன் வர்க்கம். ஆகவே நம் எண்ணை 62264² + 143⁴ என்றும் எழுதலாம்.

செங்கோண முக்கோணத்தில் கர்ணமாக வருமா?

வரும். ஒரு பக்கம் 4294967295, இன்னொரு பக்கம் 131072, கர்ணம் 4294967297. இரண்டு வர்க்கங்களாக எழுத வழி உள்ள ஒற்றைப்படை எண்களுக்கெல்லாம் இது பொருந்தும்.

கடைசி இலக்கம் 7 என்பது தற்செயலா?

இல்லை. 16-இன் வர்க்கம் 6-இல் முடியும். 6-இல் முடியும் எண்ணின் வர்க்கமும் 6-இல்தான் முடியும். 1 கூட்டினால் 7. ஆகவே 17-இலிருந்து எல்லா ஃபெர்மா எண்களும் 7-இல்தான் முடியும். கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் 17, 57, 37, 97 என்று நான்கும் மாறி மாறி வரும். நம்முடையது 97.

சிறிய எண்களால் வகுத்தால் என்ன மீதி வரும்?

இதில் ஒரு அழகு இருக்கிறது. 7-ஆல் வகுத்தால் மீதி 5. 9-ஆல் வகுத்தால் 5. 11-ஆலும் 5. 31-ஆல் வகுத்தாலும் அதே 5. காரணம், இந்த எண்களால் வகுக்கும்போது 2-இன் மீதிகள் சுழலும் நீளம் முறையே 3, 6, 10, 5. நான்கும் 30-ஐ வகுப்பவை. அதனால் 30 படிகளை அப்படியே கழித்துவிடலாம். 2³² என்பது வெறும் 2² மாதிரி நடந்துகொள்ளும். 4 + 1 = 5. ஒன்பதுக்கு இலக்கங்களைக் கூட்டியும் சரிபார்க்கலாம்: மொத்தம் 59, அதை 9-ஆல் வகுத்தால் மீதி 5.

கணினிக்கும் இந்த எண்ணுக்கும் என்ன தொடர்பு?

இரும எண்ணாக, அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து, எழுதினால் இது 1, பிறகு 31 பூஜ்யங்கள், கடைசியில் மறுபடி 1. மொத்தம் 33 இலக்கம். 32 பிட் (32 இரும இலக்கங்கள்) அகலமுள்ள இடத்தில் அடங்கும் மிகப் பெரிய குறியில்லா முழு எண் 4294967295. நம் எண் அதைவிட 2 அதிகம். 32 பிட் இடத்தில் திணித்தால் முன்னால் இருக்கும் 1 வெளியே விழுந்து, உள்ளே வெறும் 1 மட்டும் மிஞ்சும். இணையத்தின் பழைய ஐபி முகவரி முறையில் (நான்காம் பதிப்பு) மொத்தம் இருக்கக்கூடிய முகவரிகள் 4294967296. அது நம் எண்ணுக்கு ஒன்று குறைவு.

பலகோணங்களோடு இதை ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள்?

அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. 1796-ல், 19 வயதுகூட நிரம்பாத ஜெர்மன் கணித மேதை காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்குத்தொகையாக இருக்கும்போது மட்டுமே வரைய முடியும். அப்படி இருந்தால் முடியும் என்பது காஸ் தந்தது, இல்லாவிட்டால் முடியாது என்பதற்கு 1837-ல் வான்ட்சல் நிரூபணம் கொடுத்தார். இரட்டைப்படை என்றால் கூடவே 2-இன் அடுக்கு எதுவும் சேர்ந்துகொள்ளலாம்.

இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 மட்டுமே. இவை ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள்: 4294967295. நம் எண்ணுக்கு 2 குறைவு! ஆகவே நம் எண்ணை இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2. முன்னே 257 வகுக்காது என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். இதே போல், எந்த ஃபெர்மா எண்ணிலும் 2-ஐக் கழித்தால் அதற்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்குத்தொகை கிடைக்கும். அதனால் எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு புதிய பகா எண்ணைக் கொண்டுவருகிறது என்பதால், பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கும் இது ஒரு நிரூபணம்.

அடுத்தடுத்த மூன்று எண்களைப் பாருங்கள். 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கொள்கை அளவில் வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியது அதுதான். 4294967296 பக்கங்களும் முடியும், அது 2-இன் அடுக்கு. 4294967297 பக்கங்கள் முடியாது. 641 குறுக்கே நிற்கிறது.

641-ஆல் வகுபடும் வேறு ஏதாவது அழகான எண் உண்டா?

10000000000000001. நடுவில் 15 பூஜ்யங்கள். அதாவது 10¹⁶ + 1. நம் எண் இரும முறையில் எப்படி இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே தோற்றம். 641-ஆல் வகுத்தால் 15600624024961. முன்பு பார்த்த 5⁴, −2⁴ உறவை வர்க்கப்படுத்தினால் 5⁸-உம் 2⁸-உம் ஒரே மீதி. இரு பக்கமும் 2⁸-ஆல் பெருக்கினால் 10⁸-உம் 2¹⁶-உம் ஒரே மீதி, அதே 154. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

யாராவது மனக்கணக்காகவே இதை உடைத்திருக்கிறார்களா?

ஸெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன். 1804-ல் வெர்மான்ட்டில் பிறந்தவன். 1812-ல் அவனை லண்டனுக்கு அழைத்துவந்து மேடையில் நிறுத்திக் கேள்விகள் கேட்டார்கள். இந்த எண்ணைக் கொடுத்தபோது 641 × 6700417 என்று மனத்திலேயே போட்டுச் சொன்னான் என்று பதிவாகியிருக்கிறது. ஐந்து வகுத்தல் தந்திரம் அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்பதை நினைக்கும்போது மலைப்பாக இருக்கிறது.

இதற்கு அருகில் இருக்கும் பகா எண்கள் எவை?

கீழே 4294967291, மேலே 4294967311.

அடுத்த ஃபெர்மா எண்களின் கதி என்ன?

இதற்கு அடுத்தது 2⁶⁴ + 1 = 18446744073709551617. இதை 1880-ல் லாண்ட்ரி என்பவர் 82-ஆவது வயதில் உடைத்தார்: 274177 × 67280421310721. அதற்கு அடுத்ததற்கு 39 இலக்கம். அதை முழுமையாக உடைக்க 1970 வரை, கணினி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 155 இலக்கம் கொண்ட ஒன்பதாவது ஃபெர்மா எண் 1990-ல் உடைந்தது. பதினொன்றாவது வரை முழுக் காரணிகளும் தெரியும். பன்னிரண்டாவதின் சில காரணிகள் தெரிந்தும் மிச்சம் இன்னும் உடையவில்லை.

ஐந்திலிருந்து முப்பத்திரண்டு வரை எதுவும் பகா எண் இல்லை என்பது நிச்சயமாகத் தெரியும். அவற்றில் இருபதாவதும் இருபத்துநான்காவதும் விசித்திரமானவை. பகா எண் இல்லை என்று பெப்பின் சோதனை சொல்லிவிட்டது, ஆனால் ஒரு காரணிகூட இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. முப்பத்துமூன்றாவதைப் பற்றி எதுவுமே முடிவாகவில்லை. அதற்குச் சுமார் 258 கோடி இலக்கங்கள். 65537-க்குப் பிறகு இன்னொரு ஃபெர்மா பகா எண் உண்டா, இல்லவே இல்லையா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.